அம்மாவின் முட்டி வலிக்குத் தண்ணீர் வைத்தியம் செய்யலாமா? நம் தர்மபுரித் தண்ணீரை வைத்து ஒரு நீண்ட பதில்

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது. நாலைந்து வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, காலையில் எழுந்தால் முதுகு விறைத்துக் கிடக்கிறது, குனிந்து வாசல் பெருக்க முடியவில்லை. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார். உறவுக்காரர் ஒருவர், மாத்திரையை எல்லாம் நிறுத்திவிட்டு 48 நாள் இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், இடையிடையே ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளியல் என்று செய்தால் உடம்புக் கழிவு எல்லாம் இறங்கி வலி போய்விடும் என்று சொல்கிறாராம். செய்யலாமா, எப்படிச் செய்வது என்பது கேள்வி.

தண்ணீர் வைத்தியம் செய்யலாம், ஆனால் உறவுக்காரர் சொன்ன எல்லாவற்றையும் அல்ல. மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதிலும் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நான் தர்மபுரியில் 20 வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன், வெந்நீர், ஒத்தடம், குளியல் எல்லாம் என் அன்றாட வேலை. தண்ணீர் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அம்மா குளிக்கிற தண்ணீரைவிட அவர் குடிக்கிற தண்ணீரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் "கழிவு இறங்கும்" பேச்சு. உடம்புக் கழிவை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும்தான். வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். நீராவிப் பெட்டியில் உட்கார்ந்து ஒரு கிலோ எடை குறைந்தால், குறைந்தது தண்ணீர்தான், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். அப்படியானால் குளியலால் என்ன பயன் என்றால், தண்ணீர் வேலை செய்வது மூன்று வழியில்: சூடு, அழுத்தம், மிதப்பு. காற்றைவிடத் தண்ணீர் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும், அதனால் கொஞ்ச நேரத்திலேயே தோலில் ரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை இளகுகிறது, வலி தெரிவது மட்டுப்படுகிறது. தண்ணீருக்குள் நிற்கும்போது நாலாபக்கமும் அழுத்துவதால் காலில் தேங்கிய நீர் மேலே ஏறுகிறது. மிதப்பு இருக்கிறதே, முட்டி வலிக்காரர்களுக்கு அதுதான் பெரிய வரம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் முட்டி தாங்குவது உடம்பு எடையில் ஏறக்குறைய பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் பத்து அடி வைக்க முடியாதவர் தண்ணீரில் பத்து நிமிடம் நடப்பது இதனால்தான்.

இந்த வைத்தியம் ஐரோப்பாவில் பேர் வாங்கிய கதையும் ஒன்றும் மர்மமானதில்லை. 1800களின் முதல் பாதியில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி தன் ஊரில் குளிர்ந்த நீர் வைத்தியம் செய்து பிரபலமானார், பிறகு ஜெர்மனியில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார், அப்புறம் லைப்சிக் நகரத்து லூயி கூனே. உங்கள் உறவுக்காரர் சொல்லும் இடுப்புக் குளியல் கூனே பரப்பியது. அது நம் ஊர் வரை வந்ததில் காந்திக்குப் பங்கு உண்டு. 1902இல் பம்பாயில் அவர் மகன் மணிலாலுக்கு டைபாய்டும் நிமோனியாவும் வந்தபோது, டாக்டர் சொன்ன முட்டையும் கோழிச் சாறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூனே முறையில் இடுப்புக் குளியலும் ஈரத்துணிச் சுற்றும் கொடுத்தார். பையன் பிழைத்தான். ஆனால் பிழைத்தது கடவுள் அருளாலா, நீர் வைத்தியத்தாலா, உணவுக் கட்டுப்பாட்டாலும் கவனிப்பாலுமா என்று யாரால் சொல்ல முடியும் என்று காந்தியே பின்னால் எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைக்கு டைபாய்டுக்கு மருந்து கிடையாது, இன்றைக்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, எனவே அந்தக் கதையைக் காட்டி இன்று யாராவது காய்ச்சலுக்கு ஈரத்துணி மட்டும் போதும் என்றால் கேட்காதீர்கள்.

சரி, அம்மாவுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முட்டிக்கும் முதுகுக்கும் ஈரச் சூடு நல்லது. தடித்த டர்க்கி துண்டை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலே ஒரு காய்ந்த துணியைப் போட்டு 15 நிமிடம், காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. ஒத்தடம் முடிந்த உடனேயே, சூடு ஆறுவதற்குள், முட்டியை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், பத்துப் பதினைந்து முறை. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சூடு கதவைத் திறந்துவிடும், உள்ளே போவது உடற்பயிற்சிதான். வெறும் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் பழைய வலி திரும்பி வரும். முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, புதிதாக வீங்கியிருக்கிற நாளில் மட்டும் வெந்நீர் வேண்டாம், அன்றைக்குக் குளிர்ந்த ஒத்தடம் பத்து நிமிடம்.

வெந்நீர் என்றால் எவ்வளவு சூடு? 38 முதல் 40 டிகிரி போதும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்காது, அதனால் நான் சொல்லும் கணக்கு இது: நாலு சொம்பு பச்சைத் தண்ணீரை முதலில் பேசினில் ஊற்றி, அதன் மேல் ஒரு சொம்பு கொதித்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள், ஏறக்குறைய 40 டிகிரி வரும். மார்கழியில், அதிலும் ஓசூர், தளி பக்கம் என்றால், தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், மூன்றரைச் சொம்புக்கு ஒன்று வையுங்கள். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கொதித்த தண்ணீர் பிறகு. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் தோலை வேகவைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துவிடும், சூடு தெரியாது. சில வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், கால் மதமதப்புக்கு யாரோ சொன்னார்கள் என்று கல்லுப்புப் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்திருந்தார், அவருக்கு இதமாகத்தான் இருந்ததாம், காலை எடுத்த பிறகுதான் பேரன் கொப்புளத்தைப் பார்த்துக் கத்தினான். புண் ஆற நாலு மாதம் ஆயிற்று, ஒரு விரல் போயிற்று. அந்தக் காலை என்னால் மறக்க முடியவில்லை. சர்க்கரைக்காரர்கள் பாதத்தை வெந்நீரில் ஊறவைக்கவே வேண்டாம். ஒத்தடத்துக்கும் குளியலுக்கும் அவர் கையாலோ காலாலோ சூடு பார்க்கக் கூடாது, நீங்கள் உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

இடுப்புக் குளியல் முட்டி வலிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மூலம், ஆசனவாய் வெடிப்பு, பிரசவத்தில் தையல் போட்ட இடம் இதற்கெல்லாம் வெந்நீரில் உட்காருவது உண்மையிலேயே கைகண்ட வைத்தியம், அறுவை சிகிச்சை டாக்டர்களே எழுதிக் கொடுப்பார்கள். இடுப்பு முங்குகிற மாதிரி அகலமான பிளாஸ்டிக் பேசினில், இளஞ்சூட்டில், 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாக மலம் கழித்த பிறகு. ஆசனவாய்த் தசை இறுக்கம் தளர்ந்து வலி குறையும். டெட்டால் போன்றவற்றை அதில் ஊற்றாதீர்கள், தோல் எரியும், வெறும் தண்ணீரே போதும்.

நீராவிக் குளியல், அம்மாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சூட்டில் ரத்தக் குழாய் விரிந்து பிரஷர் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும், முட்டி வலியோடு வந்தவர் படுக்கையில் விழுவார். இதயம் பலவீனமானவர்களுக்குக் கழுத்தளவு வெந்நீரில் உட்காருவதுகூட ஆபத்துதான், கால் ரத்தமெல்லாம் அழுத்தத்தில் நெஞ்சுக்கு ஏறி இதயத்துக்கு வேலை கூடிவிடும். கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதத்தில், உடம்புச் சூடு ஏறுகிற எந்தக் குளியலும் எடுக்கக் கூடாது, குழந்தையின் தண்டுவடத்தைப் பாதிக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஒத்தடமும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், நேராக ஆஸ்பத்திரி. சளி மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூச்சுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை, கொரோனா காலத்தில் சொன்ன மாதிரி கிருமியை எல்லாம் கொல்லாது. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கிற சட்டி முன்னால் உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் நடப்பதற்கு நம் பக்கம் நீச்சல்குளம் தேட வேண்டியதில்லை, தோட்டத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் அதுவே போதும். இடுப்பிலிருந்து மார்பு வரை தண்ணீர் நிற்கட்டும், ஒரு கையால் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் 15 நிமிடம் நடக்கட்டும், வாரத்தில் மூன்று நாள். இறங்கி ஏறப் படி இருக்க வேண்டும், கூட ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், தரையில் பாசி வழுக்காமல் தேய்த்துவிடுங்கள். கிணறு, அணை, ஏரி வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்கள் படித்தால் இதையும் சொல்லிவிடுகிறேன், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் பெங்களூருக் கழிவால் நுரை பொங்கி வருவதை நாம் எல்லோரும் வருடாவருடம் பார்க்கிறோம், அந்தத் தண்ணீரில் இறங்கினால் தோலுக்குத்தான் கேடு.

இனி ஒகேனக்கல். ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது, நல்லெண்ணெய் தேய்த்து, தட்டி, பிடித்து, பிறகு அருவியில் நின்றால் உடம்பு பஞ்சு மாதிரி ஆவது உண்மை, நானே போய் அனுபவித்திருக்கிறேன். மூலிகை கலந்து வருகிற தண்ணீர் என்பார்கள். தீர்த்தமலை ராமர் தீர்த்தத்தைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள். நம்பிக்கையோடு குளிப்பவர்கள் குளிக்கட்டும், மனசுக்கு வரும் தெம்பும் பெரியதுதான். ஆனால் வலி குறைவது தேய்ப்பதாலும் அருவி விழுகிற அழுத்தத்தாலும், அது இரண்டு மூன்று நாள் நிற்கும். கர்நாடகாவில் தண்ணீர் திறந்து வெள்ளம் வந்து மாவட்ட நிர்வாகம் குளிக்கத் தடை போட்டால் ஓரமாகக்கூட இறங்காதீர்கள்.

அம்மா ஒகேனக்கல் போனால் ஒன்றே ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது. முதுகில் ஏறி மிதிப்பதும் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், நம் மாவட்டத்தில் 50 வயதைத் தாண்டியவரின் விறைத்த முதுகு எல்லாமே வெறும் தேய்மானம் இல்லை. நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது, போர் ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் கூடும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் குழந்தைகளுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, பெரியவர்களுக்கு எலும்பிலும் மூட்டுகளைச் சுற்றியுள்ள நார்களிலும் படிந்து முதுகும் கழுத்தும் விறைக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாக, வெள்ளையாகத் தெரியும், பார்க்கத்தான் கெட்டி, உள்ளே சுலபமாக முறியக்கூடியது. முற்றினால் தண்டுவடத்தையே நெருக்கும். அப்படிப்பட்ட கழுத்தை ஒருவர் சடக்கென்று திருப்பினால் கை கால் விழுந்துவிடலாம்.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். அம்மாவை நிற்க வைத்து, முட்டியை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தூக்கிப் பின்னந்தலையில் கோக்கச் சொல்லுங்கள். வலித்தால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். இதில் ஒன்றிரண்டு முடியாமல் போனால் அதனாலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு படிந்து வருகிற இந்த நோய், என்று ஆகிவிடாது, முட்டித் தேய்மானமாகவும் இருக்கலாம், ஆனால் அவசியம் சோதிக்க வேண்டும். அதே கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், பல நேரம் ஊர்த் தண்ணீரின் கதையை அந்தப் பற்களே சொல்லிவிடும்.

குளிப்பதால் ஃப்ளோரைடு உள்ளே போகுமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தோல் வழியாகப் போவது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை, போர் தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம், துவைக்கலாம். உள்ளே போவது வாய் வழியாக, குடிக்கிற தண்ணீர் மட்டுமில்லை, சோறு, குழம்பு, களி கிண்டுகிற தண்ணீர், டீ எல்லாம் சேர்த்து. இன்னொன்று, நல்லதென்று நினைத்து நிறையப் பேர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மண்பானையும் சாதாரண வடிகட்டியும் அதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை. இந்தப் பிரச்சினைக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது, காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவருகிற திட்டம். உங்கள் தெருக் குழாயில் வருவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று தொட்டி திறந்துவிடுபவரிடம் கேளுங்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தாலும் அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் குளிக்க, பாத்திரம் கழுவ.

எலும்பில் படிந்ததை எடுக்க மருந்து கிடையாது, 48 நாள் அல்ல, 480 நாள் குளித்தாலும் அது இறங்காது. ஆனால் தண்ணீரை மாற்றினால் மேற்கொண்டு ஏறுவது நிற்கும், வலியும் பலருக்கு மாதக் கணக்கில் மெல்ல மட்டுப்படுகிறது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் குடலில் ஃப்ளோரைடு ஏறுவது குறையும். அதற்கு நம் ராகியே இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களி, மோர், கீரை, நெல்லிக்காய் என்று அம்மா சாப்பாட்டைப் பாருங்கள், சர்க்கரை இருப்பதால் களி உருண்டையின் அளவை மட்டும் கவனியுங்கள்.

எண்ணெய்க் குளியல் வீட்டிலேயே வாரம் ஒருமுறை போடட்டும், நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி முட்டி, முதுகு, தோள் எல்லாம் மெதுவாகத் தேய்த்து அரை மணி நேரம் கழித்து வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். நம் உப்புத் தண்ணீரில் வறண்டு போகும் தோலுக்கும் அது நல்லது. குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்கும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஊற்றுங்கள். வலியால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு பத்து நிமிட வெந்நீர்க் குளியல் உதவும், குளித்தபின் உடம்பு சூட்டை வெளியே விட்டு உள்ளே குளிர்வதால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது.

கடைசியாக, தண்ணீரே முதல் மருந்தாக இருக்கிற இரண்டு இடம் உண்டு, எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். தீக்காயம், வெந்நீர்க் காயம் பட்டால் உடனே ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ், மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் கூடாது. சித்திரை வெயிலில் காட்டு வேலை செய்தவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெயில் மயக்கம் என்று உட்கார வைத்து விசிறாமல், நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும்.

தம்பி, இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். அம்மாவைத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டி முட்டி, முதுகு, முன்கை மூன்றுக்கும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள், முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வில்தான் ஃப்ளோரைடு படிவது தெளிவாகத் தெரியும். வீட்டுக் குடிநீரை ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவு பார்த்து வாங்குங்கள். காலில் மதமதப்பு மேலே ஏறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது இதில் எது இருந்தாலும் வாரக் கடைசி வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப்போங்கள். ஒத்தடத்தை இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம், நாலு சொம்புக்கு ஒரு சொம்பு, சூடு பார்ப்பது உங்கள் முழங்கை.